சென்னை எக்ஸ்பிரஸும் மூடின பிஸ்கட் டப்பாவும்

முதலில் ஒரு இந்திப் படத்தைப் பற்றிப் புலம்பிவிடுகிறேன். அப்புறம் டச்சுக்காரர்களைப் பற்றி. "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறாய்?" என்று கேட்காதீர்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஒரே அறையில், இரண்டும் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டன. நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் கிழக்குத் தாம்பரம், சேலையூர். ஏழு மாதமாக நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்கிற சின்ன ஊரில் மேல்படிப்பு. கால்வாய், சைக்கிள், மழை, மறுபடியும் மழை. ஒரே வீட்டில் எட்டு மாணவர்கள். நான் ஒருத்தன்தான் தமிழ். மூன்று பேர் வட இந்தியா, மீதி டச்சுக்காரர்கள். சமையலறையும் டிவி அறையும் பொது.

அந்த டிவி அறையில்தான் கான்பூர்க்காரன் 'சென்னை எக்ஸ்பிரஸ்' போட்டான். "உன் ஊர்ப் படம்டா, உனக்காகத்தான்" என்று அன்பாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2013 ஆகஸ்டில் இந்தப் படம் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. படம் பார்க்கவில்லை, ஆனால் அந்த வருஷப் பள்ளி ஆண்டு விழாவில் லுங்கி கட்டிக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, அந்தக் கடைசிப் பாட்டுக்கு ஆடியிருக்கிறேன். (போட்டோ இருக்கிறது. காட்ட மாட்டேன்.) ரஜினிக்கு மரியாதை என்று சொல்லிச் சேர்த்த பாட்டு அது. ஆகவே படமும் நம்மைக் கொண்டாடுகிற படம் என்று பன்னிரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கதை தெரியாதவர்களுக்கு: ஷாரூக் கான் நாற்பது வயது மும்பைக்காரர். தாத்தா இறந்துபோகிறார். அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும் என்று பாட்டி சொல்கிறார். இவருக்கோ நண்பர்களோடு கோவா போக ஆசை. பாட்டியை ஏமாற்ற ரயிலில் ஏறி, கல்யாணில் இறங்கிவிடலாம் என்று திட்டம். ஓடிவரும் தீபிகா படுகோனைக் கைகொடுத்துத் தூக்கிவிட, அவரைத் துரத்தி வரும் தடியர்களும் ஏற, ரயில் நகர்ந்துவிடுகிறது. தீபிகாவின் அப்பா தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பெரிய தாதா. அப்பாவாக நம்ம சத்யராஜ்.

இந்த இடம் வரை நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். தடியர்களுக்கு இந்தி புரியாது என்பதால் ஷாரூக்கும் தீபிகாவும் பழைய இந்திப் பாட்டு மெட்டுகளில் தங்கள் நிலைமையைப் பாடியே பேசிக்கொள்ளும் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். தலைப்புப் பாட்டில் எஸ்.பி.பி. குரல் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் ரயில் தூத்சாகர் அருவியைத் தாண்டியது. ஆரம்பித்தது வினை.

தாம்பரத்தில் பிறந்தவனிடம் ரயில் விஷயத்தில் விளையாடக் கூடாது. மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் புனே, சோலாப்பூர், குண்டக்கல், அரக்கோணம் என்று வரும். தூத்சாகர் இருப்பது கோவா எல்லையில், கர்நாடகத்திலிருந்து கோவாவுக்கு இறங்கும் மலைப்பாதையில். அதாவது, கதாநாயகன் போக ஆசைப்பட்ட கோவாவுக்கே ரயில் அவரைக் கொண்டுபோய்விட்டது, பாவம் அவருக்குத் தெரியவில்லை! இன்னொன்று. அந்த ரயிலில் வந்து ராமேஸ்வரம் போக வேண்டுமென்றால் சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் போய், சேது எக்ஸ்பிரஸ் பிடித்து, எங்கள் தாம்பரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது அந்தக் கஷ்டம்கூட இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தபோதே தாம்பரம் - ராமேஸ்வரம் ரயிலுக்கும் கொடி காட்டிவிட்டார்கள்.

சரி, அருவி அழகாக இருக்கிறது, காட்டிவிட்டுப் போகட்டும். சினிமாவில் பூகோளம் பார்ப்பவன் உருப்பட மாட்டான். என் ஏமாற்றம் வேறு.

அந்த ஊரில் இருக்கிற எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். கறுப்பு, பெரிய உடம்பு, பெரிய மீசை, கையில் அரிவாள். ஒருத்தர்கூட வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. டீக்கடையில் நக்கல் அடிக்கிற ஒரு பெரியவர் இல்லை. கலாய்க்கிற ஒரு தம்பி இல்லை. தமிழ்நாட்டில் ஒரு கிராமம், அதில் ஒரு கவுண்டமணி இல்லை, ஒரு வடிவேலு இல்லை! இது எந்த ஊர் ஐயா?

இதில் உச்சகட்டம் சத்யராஜ். 1994-இல் மணிவண்ணன் எடுத்த 'அமைதிப்படை'யைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நக்கல் என்றால் அந்த மனுஷன்தான். கண்ணை லேசாகச் சாய்த்தால் தியேட்டர் சிரிக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டரை மணி நேரக் காமெடிப் படத்தில், முறைத்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். சரவண பவன் மாஸ்டரைக் கூப்பிட்டு வெந்நீர் வைக்கச் சொன்ன மாதிரி.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. படத்தில் சிரிக்க வைக்கிற உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். மும்பைக்காரர் தமிழைப் பார்த்து விழிப்பார், கிண்டல் செய்வார், பயப்படுவார்; நாம் சிரிக்க வேண்டும். தமிழர்கள் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் மேடைச் செட்டு மாதிரி. தென்னை மரம், கோயில் கோபுரம், அரிவாள்காரர்.

ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். சிரிக்கலாம். தாராளமாக. ஆனால் சிரிக்கப்படுகிறவனுக்குத் திருப்பி ஒரு அடி அடிக்க இடம் கொடுக்க வேண்டும். அதுதான் நல்ல காமெடிக்கும் சோம்பேறிக் காமெடிக்கும் வித்தியாசம் என்பது என் கட்சி. 1968-இல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் குடுமி வைத்த மதராசிப் பாட்டு வாத்தியாராக வருவார். அதுவும் கேலிதான். ஆனால் அந்தப் படத்தில் மெஹ்மூத்துக்கு அவருடைய சொந்த ஆட்டம் இருக்கும். பாட்டுப் போட்டியில் தோற்றாலும் நம் ஞாபகத்தில் நிற்பது அவர்தான். நாற்பத்தைந்து வருஷம் கழித்து வந்த படம் அந்த இடத்துக்குக்கூட வரவில்லை. வசூல் மட்டும் 200 கோடியைத் தாண்டியது. யார் என்ன செய்ய முடியும்.

இப்படியெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே? நானும் மற்றவர்களோடு சேர்ந்து, அவர்கள் சிரித்த இடங்களில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பையன் இல்லையா.

இங்கே ஒரு இடைவேளை. டச்சுக்காரர்கள்.

*

இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பக்கத்து அறைப் பெண் (டச்சுக்காரி, கட்டடக்கலை படிக்கிறாள்) "காபி வேணுமா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லை, வேண்டாம்" என்றேன். நம் ஊர்ச் சட்டப்படி முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை டம்ளரைக் கையிலேயே திணித்துவிடுவார்கள். இதுதானே முறை? அவள் "சரி" என்று சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் ஒரு கப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்து குடித்தாள். நான் வாசனை பிடித்தேன்.

இன்னொரு நாள் காபி கிடைத்தது. கூடவே பிஸ்கட் டப்பா வந்தது. ஒன்று எடுத்துக்கொண்டேன். டப்பா மூடப்பட்டது. டக். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஒண்ணே ஒண்ணா? வீட்டுக்கு வந்த பிள்ளைக்கா?" என்று அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏதோ நான் பட்டினி கிடக்கிற மாதிரி.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் யார் அறையிலாவது பேசிக்கொண்டிருந்தால், "நாங்கள் இப்போது சாப்பிடப் போகிறோம்" என்பார்கள். வாங்க சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. கிளம்பு என்று அர்த்தம். ஒருத்தரைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் டைரியைத் திறந்து, மூன்று வாரம் தள்ளி ஒரு புதன்கிழமை தருவார்கள். சேலையூரில் எங்கள் வீட்டுக் கேட்டைத் திறக்காமல், வெளியிலிருந்தே "மாமி, இருக்கேளா?" என்று குரல் கொடுத்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வருகிற பக்கத்து வீட்டுப் பாட்டியை இங்கே கொண்டுவந்து விட்டால் நாடு ஸ்தம்பித்துவிடும்.

சேர்ந்து சாப்பிட்டால் மறுநாள் காலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று போனுக்குச் செய்தி வரும். அதற்கென்றே 'டிக்கி' என்று ஒரு செயலி, 2016-இல் இங்குள்ள வங்கி ஒன்று ஆரம்பித்தது. இப்போது அது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. எனக்கு வந்த முதல் டிக்கி 85 சென்ட். எங்கள் அப்பா, ஓட்டலில் பில்லுக்காகச் சித்தப்பாவோடு கல்லாப் பெட்டி முன்னால் கைகலப்பு வரை போகிறவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்கிறார்கள். பிறந்தநாள்காரருக்கு மட்டுமில்லை, அவர் அம்மாவுக்கு, தங்கைக்கு, நண்பனுக்கு எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு குழந்தை பிறந்ததற்கு அதன் அம்மாவை வாழ்த்துவதுதானே நியாயம்! யார் யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று எழுதிவைக்க ஒரு காலண்டர் வைத்திருக்கிறார்கள். அது தொங்கும் இடம், கழிப்பறை. தினமும் எல்லோரும் நிதானமாக உட்கார்ந்து படிக்கிற இடம் அதுதானே என்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

கழிப்பறை என்றதும் ஒரு சின்னச் சரித்திரம். நம் 'கக்கூஸ்' டச்சுச் சொல். 'கக்ஹௌஸ்' என்பதிலிருந்து வந்தது. கையில் துட்டு இல்லை என்கிறோமே, அந்தத் 'துட்டு'ம் 'டௌட்' என்கிற பழைய டச்சுக் காசிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். 1600-களிலேயே பழவேற்காட்டுக்கு வந்து ஹெல்ட்ரியா என்று கோட்டை கட்டியவர்கள், 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தவர்கள். தாம்பரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கல்பாக்கம் பக்கம் சதுரங்கப்பட்டினம் போனால், அவர்கள் கட்டிய கோட்டையும் அதற்குள்ளேயே அவர்கள் கல்லறைகளும் இருக்கின்றன. பள்ளியில் டூர் போயிருக்கிறேன். அன்று அந்தக் கல்லறைகளின் மேல் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். இன்று அவர்கள் ஊரில் ஒரு பிஸ்கட்டோடு நிற்கிறேன். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹேக் நகரில் ஒரு ஈழத் தமிழ் அக்கா கடை வைத்திருக்கிறார். 1980-களில் போர் துரத்த இங்கே வந்த குடும்பம். கறிவேப்பிலைக்காக மாதம் ஒருமுறை போவேன். ஒருநாள் அவர், "தம்பி, ஒரு நிமிஷம் நில்லுங்கோ, இவர் கந்தோரால வாற நேரம்" என்றார். கந்தோர்! ஆபீஸுக்கு டச்சில் 'கந்தோர்' என்றுதான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தை டச்சுக்காரர்கள் ஆண்டபோது அங்கே போன சொல், முந்நூறு வருஷம் கழித்து அக்காவோடு திரும்பி இங்கேயே வந்திருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "ஓம் தம்பி, இஞ்ச வந்து மொழி படிக்கேக்க எனக்குத் தெரிஞ்சிருந்த ஒரே சொல்லு அதுதான்" என்று சிரித்தார். நான் கேட்காமலே ஒரு பொட்டலம் முறுக்கை என் பையில் போட்டார். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. டிக்கியும் வரவில்லை.

சரி, காபி, பிஸ்கட் எல்லாம் சில்லறை விஷயம். உண்மையில் என்னைப் படுத்தியது அவர்கள் பேச்சு.

மனசில் பட்டதை அப்படியே சொல்கிறார்கள். முதல் அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆசிரியர் (பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், 'சார்' என்றால் திரும்பிப் பார்க்கிறார்) இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது நன்றாக இல்லை. மூன்றாம் பகுதி உனக்கே புரியவில்லை என்று நினைக்கிறேன்" என்றார். கோபமே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல். அன்று ராத்திரி தூக்கமில்லை. அடுத்த வாரம் அதே மனிதர் என்னோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து மூன்றாம் பகுதியைச் சொல்லிக்கொடுத்தார். அந்த வார்த்தையும் இந்த ஒன்றரை மணி நேரமும் அவருக்கு ஒன்றுதான். எனக்குத்தான் இரண்டையும் ஒட்ட வைக்கத் தெரியவில்லை.

நமக்கு 'இல்லை' என்று சொல்ல எத்தனை வழி! "பார்க்கலாம்." "சொல்றேன்." "வீட்ல கேட்டுட்டு..." தாம்பரம் மார்க்கெட்டில் நாளைக்கு வரேன் அண்ணே என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், கடைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், நாளை என்பது வராது என்று. யாருக்கும் காயமில்லை. டச்சுக்காரனிடம் "பார்க்கலாம்" என்றால் டைரியைத் திறந்து, "எப்போது?" என்கிறான்.

*

இனி இரண்டையும் சேர்க்கலாம். இடம்: டிவி அறை. படம் முடிந்து லுங்கிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கான்பூர்க்காரன் எழுந்து ஆடுகிறான். அந்தக் கட்டடக்கலைப் பெண் ஆங்கில சப்டைட்டிலோடு முழுப் படத்தையும் பொறுமையாகப் பார்த்திருந்தாள். என் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "உனக்குப் படம் பிடித்ததா?"

"நல்லாத்தான் இருந்தது."

"முதல் அரை மணி நேரம் சிரித்தாய். அப்புறம் சிரிக்கவில்லை. வாயை மட்டும் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாய். ஏன்?"

"தூக்கம் வருது."

"அது உண்மையில்லை, இல்லையா?"

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். என் காது சூடாகிவிட்டது. நம் ஊரில் ஒருத்தர் தூக்கம் வருது என்று சொன்னால் விட்டுவிட வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். இவளுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் விட மனசில்லை.

சொன்னேன். மேலே எழுதியது எல்லாம், இதைவிடக் குழப்பமாக, தப்பு ஆங்கிலத்தில். எங்கள் ஊரில் அரிவாளோடு யாரும் ரயில் ஏறுவதில்லை, எங்களுக்கும் ஜோக் சொல்லத் தெரியும், சத்யராஜை வீணடித்துவிட்டார்கள்... குரல் கொஞ்சம் உடைந்தது என்று நினைக்கிறேன். சத்யராஜுக்காக இவ்வளவு உணர்ச்சிவசப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கான்பூர்க்காரன், "காமெடிதானே யார், இதுக்குப் போய்..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "நான் மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு மாதம் இருந்தேன். பெருங்களத்தூரில் ரூம். தினமும் பஸ்ஸில் என்னைப் பார்த்து 'பானிபூரி'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. 'வடக்கன்'னு ஒரு வார்த்தை. எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நினைச்சாங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும் நல்லாத் தெரியும். நானும் அப்போ சிரிச்சேன்."

அறையில் யாரும் பேசவில்லை. ஹீட்டர் மட்டும் கரகரவென்று சத்தம் போட்டது.

எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? எங்கள் தெருவில் ஒரு அடுக்குமாடி கட்டினார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆட்கள் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். மாலையில் கிரிக்கெட் ஆடும்போது பந்து உள்ளே போனால், நாங்கள் இந்தி மாதிரி ஏதோ உளறிக் கேட்போம். "பையா, பாலுஜி தேதோஜி." அவர்களும் சிரித்துக்கொண்டே பந்தை எறிவார்கள். அவர்களும் வாயை மட்டும்தான் அப்படி வைத்திருந்தார்களோ? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, எத்தனையோ பேர் ரயில் ஏறி ஊருக்குப் போனார்கள். வீடியோ பொய். ஆனால் அந்தப் பொய்யை அவர்கள் உடனே நம்பினார்களே, ஏன்? எங்கள் கிரிக்கெட் கோஷ்டிக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு இருக்கலாம்.

நம் சினிமா மட்டும் என்ன ஒழுங்கு? எத்தனை படத்தில் 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசும் அடகுக்கடை சேட்டு வந்திருப்பார்? அவருக்கு ஒரு நல்ல வசனம் யாராவது எழுதியிருக்கிறார்களா? டீக்கடை நாயருக்கு? அவர்களும் நம் கதைகளில் தென்னை மரம்தான். 'சென்னை எக்ஸ்பிரஸ்' மேல் நான் வைத்த அதே குற்றச்சாட்டை ஒரு சேட்டுப் பையன் நம்மேல் வைத்தால், "காமெடிதானே தம்பி" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

டச்சுக்காரர்களும் இதில் உத்தமர்கள் இல்லை. அதையும் அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் கேட்டேன் (ஒரு தடவை ஆரம்பித்தால் நமக்கு நிறுத்தத் தெரியாது). டிசம்பர் 5 இங்கே சின்டர்கிளாஸ் பண்டிகை. குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் தாத்தாவின் உதவியாள் 'கறுப்புப் பீட்'. முகத்தில் கறுப்புச் சாயம், சுருட்டை முடி, சிவப்பு உதட்டுச் சாயம் பூசி ஆயிரக்கணக்கான பேர் தெருவில் வருவார்கள். சூரினாமிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பின மக்கள் இது எங்களைக் காயப்படுத்துகிறது என்று வருஷக்கணக்காகச் சொன்னார்கள். "குழந்தைகள் விழாதானே, விளையாட்டுதானே" என்பதுதான் பதில். 2020-இல்தான் அன்றைய பிரதமர் மார்க் ருட்டே, தன் எண்ணம் மாறிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். இப்போது பெரிய நகரங்களில் முகத்தில் புகைக்கரி மட்டும் லேசாகத் தடவிக்கொள்கிறார்கள். மனசில் பட்டதையெல்லாம் நேராகச் சொல்கிற மக்கள், அடுத்தவர் நேராகச் சொன்னதைக் காதில் வாங்க இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சின்ன வயதில் நானும் அந்தச் சாயம் பூசியிருக்கிறேன். போட்டோ இருக்கிறது" என்றாள்.

எனக்கு லுங்கி போட்டோ ஞாபகம் வந்தது.

அப்புறம் கான்பூர்க்காரன் டீ போட்டான். பிஸ்கட் டப்பா வந்தது. அன்று யாரும் அதை மூடவில்லை. (பெரிய மனமாற்றம் என்று நினைக்க வேண்டாம். இருந்ததே ஐந்துதான்.)

*

முடிப்பதற்கு முன் ஒன்று. அந்த வாரம் எனக்கு இன்னொரு பொய்யும் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே பத்துக்குத்தான் மார்க். ஐந்தரை எடுத்தால் பாஸ். பத்து கடவுளுக்கு, ஒன்பது வாத்தியாருக்கு என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறார்கள். மாணவன் ஆறு வாங்கினால் சந்தோஷமாகப் போகிறான். பத்தாவதில் 98 வாங்கியபோது மீதி இரண்டு எங்கே என்று கேட்ட தெருவிலிருந்து வந்தவன் நான். ஒரு பாடத்தில் எனக்கு நாலரை. ஃபெயில். திரும்ப எழுதலாம், இங்கே அது பெரிய அவமானம் இல்லை. ஆனால் அப்பா வீட்டை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார். ரிசல்ட் வந்து பதினெட்டு நாள் ஆகியும், "இன்னும் வரலப்பா, இங்க லேட்டாத்தான் போடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தேன். சுற்றி வளைக்காமல், டச்சுக்காரன் மாதிரி, ஒரே மூச்சில் சொன்னேன். "அப்பா, ஒரு பேப்பர் ஃபெயில். ரிசல்ட் வந்து பதினெட்டு நாள் ஆச்சு. பொய் சொல்லிட்டேன். ஏப்ரல்ல திரும்ப எழுதறேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பின்னால் மின்சார ரயில் ஹாரன் கேட்டது. மொட்டை மாடியில் நின்று பேசுகிறார் போல. அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று போயிருப்பார். அப்படியென்றால் நான் போன் செய்த நேரத்திலேயே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்: "சாப்டியாடா?"

இந்தக் கேள்வியைக் கட்டடக்கலைப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துப் பார்த்தேன். "சாப்பிட்டாயா என்று கேட்டார்" என்றால், "சாப்பிட்டிருந்தாயா?" என்றுதான் கேட்பாள். அவளுடைய மொழியில் அது தகவல். எங்கள் வீட்டில் அது, கோபம் இருக்கிறது, பயமும் இருக்கிறது, ஆனால் நீ முதலில் இரு, மீதி அப்புறம் என்று அர்த்தம். நேராகச் சொல்லியிருந்தால் அப்பாவால் அதில் பாதியைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

ஆக, என் கட்சி இதுதான். உண்மையை எதிராளி ஊகிக்கட்டும் என்று விட்டுவிடுவதில் டச்சுக்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் சிரிக்கிறவன் சிரித்துக்கொண்டே இருப்பான், நாமும் வேறு ஒருத்தனைப் பார்த்து அதையே செய்வோம். அன்பைச் சொல்லும் விஷயத்தில் மட்டும் நான் தாம்பரம்தான். அங்கே டைரி, டிக்கி எல்லாம் செல்லாது.

"சாப்டேன்ப்பா" என்றேன்.

சாப்பிடவில்லை. ஒரேயடியாக மாற முடியாதல்லவா.

(படத்துக்கு என் மார்க்: பத்துக்கு நாலரை. ஏப்ரலில் திரும்ப எழுதச் சொல்லலாம்.)